நமது மேகம்

“தூக்குல போடணும்னு சொல்லட்டுமா, ஆயுள் தண்டனை போதுமா?”

“யாரை?”

“அந்த ஒத்த வார்த்தையை எழுதினவனைத்தான். தூக்கு போன வாரமே கேட்டாச்சு, வேற ஒரு விஷயத்துக்கு. இந்த வாரமும் அதையே கேட்டா சரக்கு தீந்துபோச்சுன்னு நினைப்பாங்க.”

“எழுதினது அவன்தான்னு எப்படித் தெரியும்? அவளா இருந்தா?”

“அவளா இருந்தா நாடு கடத்தினாப் போதும்,” என்றார் கணவர், பெருந்தன்மையாக. சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து டையின் முடிச்சை இறுக்கினார். மேலே வெள்ளைச் சட்டை, டை, கோட்டு. இடுப்புக்குக் கீழே வீட்டில் போடும் பூப்போட்ட அரைக்கால்சட்டை. மடிக்கணினியின் கேமரா மேஜைக்குக் கீழே பார்க்காது என்ற நம்பிக்கையில் அவருடைய மானமும் பிழைப்பும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

அவள் மேஜை விளக்கின் மேல் அட்டையை மடித்துச் செருகிக்கொண்டிருந்தாள். அட்டை சரியான கோணத்தில் இல்லாவிட்டால் அவருடைய வழுக்கை, தொலைக்காட்சியில் இன்னொரு விளக்குப்போலத் தெரியும். வழக்கமாக இந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். இன்று அட்டையை மூன்று தடவை கழற்றி மாட்டினாள். அந்த ஒற்றை வார்த்தையை எழுதியவள் அவள்தான்.

கணவரைத் தெருவில் எல்லோரும் ‘கருத்து’ என்றுதான் சொல்வார்கள். “கருத்து வீட்டுக்கு எப்படிப் போகணும்?” என்று கேட்டால் தெருமுனைக் காய்கறிக்கடைக்காரி திரும்பிப் பார்க்காமலே கை காட்டுவாள். மாலைதோறும் ஏதாவது ஒரு தொலைக்காட்சியில் கருத்துச் சொல்வது அவர் வேலை. ஒரு நாள் சட்ட வல்லுநர், மறுநாள் தொழில்நுட்ப ஆர்வலர், அதற்கடுத்த நாள் சர்வதேச அரசியல் நோக்கர். டிரைவர் இல்லாமல் ஓடும் கார் நாயின் மேல் மோதினால் வழக்கு காரின் மேலா, நாயின் மேலா? இயந்திரம் வரைந்த ஓவியத்தை இன்னொரு இயந்திரம் திருடினால் யார் ஜெயிலுக்குப் போவது? தூரத்து நாட்டு அதிபர்கள் இருவர் கை குலுக்கியபோது யார் கை மேலே இருந்தது? எதைக் கேட்டாலும் அவர் யோசிப்பதில்லை. ஒருமுறை திரையின் அடியில் தவறுதலாக ‘இதயநோய் நிபுணர்’ என்று போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்தும் அவர் அசரவில்லை. நிகழ்ச்சி முடியும்வரை இதயத்தைப் பற்றியே பேசினார். இன்றைக்கும் யாராவது நெஞ்சு படபடக்கிறது என்று அவருக்கு போன் செய்கிறார்கள்.

இந்த வாரம் முழுக்க அவர் பேசியது மேகத்தைப் பற்றி.

நடுத்தரமான ஓர் ஊரின் அளவுள்ள வெள்ளை மேகம் ஒன்று எல்லைக் கம்பிவேலிக்கு நேர் மேலே வந்து நின்றுவிட்டது. காற்று மற்ற மேகங்களையெல்லாம் தள்ளிக்கொண்டு போனது. இதை மட்டும் தொடவில்லை. எங்கள் ஏரியிலிருந்து எழும்பியதுதான் என்றது இந்த நாடு. எங்கள் வானத்தில் வந்துதான் உடம்பு வைத்தது என்றது அந்த நாடு. இரு நாட்டு விஞ்ஞானிகளும் தனித்தனி விமானத்தில் போய் அதைக் கரண்டியால் அள்ளி வந்து சோதித்து, அது தண்ணீர் என்று கண்டுபிடித்தார்கள். முடிவு ஒன்றாக இருந்ததால் இரு தரப்புக்கும் கோபம் இன்னும் அதிகமானது. எல்லையில் காவல் நின்ற இரு பக்கத்துச் சிப்பாய்கள் மட்டும் நிழல் கிடைத்த சந்தோஷத்தில் வாய் திறக்காமல் இருந்தார்கள்.

இரண்டு நாட்டுக்கும் மொழி ஒன்றுதான். அந்தப் பக்கத்தவர்கள் வாக்கியத்தின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பார்கள், அவ்வளவுதான். அதனால் திட்டிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. ஆனால் கண்டனக் கடிதங்கள் பெருகிப் பெருகி, எழுத ஆள் போதாமல் போனது. இந்த நாட்டின் வெளியுறவு அலுவலகம் கடிதம் எழுத ஓர் இயந்திரத்தை வாங்கியது. அந்த நாடு, வந்த கடிதத்தைப் படிக்க ஓர் இயந்திரத்தை வாங்கியது. இயந்திரம் எழுதி இயந்திரம் படித்துக்கொண்டிருக்க, மனிதர்களுக்குள் நடக்கும் சண்டையில் மனிதக் கை எங்காவது பட வேண்டுமே என்று யாரோ கவலைப்பட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு மனிதர் படித்துப் பார்த்து, பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் அது போகும்.

அந்த மனிதக் கை அவளுடையது. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘பச்சைப் பொத்தான்’.

சம்பவம் நடந்த காலையில் அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கருத்து பல் விளக்கியபடியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

“எங்க வீட்ல வெங்காயத்தை இவ்வளவு பெருசா நறுக்க மாட்டாங்க,” என்றார்.

அவள் கத்தியை வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். அவர்கள் நின்றிருந்தது அவர்கள் இருவரும் வாழும் வீடு. அந்தக் கத்தி அவள் வாங்கியது. ஜன்னலின் திரை அவள் தைத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும், அவள் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு, அவளிடமே “எங்க வீட்ல.”

“எந்த வீட்ல?” என்று கேட்டாள்.

“எங்க வீட்லதான்,” என்றார் அவர், நுரையோடு.

‘எங்கள்’ என்றால் எதிரில் நிற்கும் ஆள் வெளியே. ‘நமது’ என்றால் அவரும் உள்ளே. பேசப் பழகும் குழந்தைகூட இதில் தவறுவதில்லை. கருத்தும் தவறுவதில்லை என்பதுதான் அவளுக்கு உறுத்தலாக இருந்தது.

கூடத்தில் அத்தை உட்கார்ந்திருந்தாள், மாமியார். மகனுக்குக் கேட்காத குரலில், “விடும்மா. அவங்கப்பாவும் என்கிட்ட அப்படித்தான் சொல்லுவாரு. எப்ப அந்த எங்கவுக்குள்ள நான் போய்ச் சேந்தேன்னு எனக்கே தெரியல. ஒருநாள் பாத்தா நானே உன்கிட்ட எங்க வீடுன்னு சொல்லிட்டிருக்கேன்,” என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். கேட்டவளுக்குத்தான் ஆறவில்லை.

அலுவலகம் போய் உட்கார்ந்ததும் முதல் கடிதம் திரையில் வந்தது. ‘எங்கள் மேகத்தின் மீதான தங்கள் ஆக்கிரமிப்பை வன்மையாகக் கண்டிக்கிறோம்.’ அந்த இயந்திரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதிய ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும், வேண்டுமானால் இதைப் போட்டுக்கொள்ளலாம் என்று சாம்பல் நிறத்தில் வேறொரு சொல்லைக் காட்டும். ‘கண்டிக்கிறோம்’ பக்கத்தில் ‘வாழ்த்துகிறோம்’ என்று காட்டும். யாரும் கண்டுகொள்வதில்லை. ‘எங்கள்’ பக்கத்தில் அன்று ‘நமது’ என்று இருந்தது.

அவள் அந்த ‘எங்கள்’ளைப் பார்த்தாள். வெங்காயம் நறுக்கிய எரிச்சல் இன்னும் கண்ணில் இருந்தது. இந்த ஒரு சொல்லை இன்றைக்கு இன்னொரு தடவை பார்க்க முடியாது என்று தோன்றியது. சாம்பல் சொல்லைத் தொட்டாள். கடிதம் முழுவதும் மாறிக்கொண்டது. பச்சைப் பொத்தானை அழுத்தினாள். வேண்டுமென்றே செய்தாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தெரியாமல் செய்தாளா என்று கேட்டால், அதுவும் இல்லை.

சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது.

‘நமது மேகம் குறித்த தங்கள் கடிதம் கண்டு நெகிழ்ந்தோம். நமது மேகத்துக்கு நாம் இன்னும் ஒரு பெயர்கூட வைக்கவில்லையே! அது மழையாகும் நாளில் நாம் எல்லோரும் சேர்ந்து நனையலாமா?’

அங்கேயும் யாரோ ஒருவர் இதைப் படித்துப் பார்த்துப் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அந்தக் கை யாருடையது, அந்த வீட்டில் வெங்காயத்தை யார் நறுக்குகிறார்கள், யார் குறை சொல்கிறார்கள் என்று அவள் கொஞ்ச நேரம் கனவு கண்டாள். மறுநாள் இரு நாட்டுச் செய்தித்தாள்களும் அந்தக் கனவைக் கலைத்தன. உரிமையைப் பங்கு போட ஒப்புக்கொண்டாகிவிட்டது என்று சொல்லி அந்த நாடு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. யார் அந்தக் கறுப்பு ஆடு என்று இந்த நாடு தேட ஆரம்பித்தது.

தேடல் இன்று காலைதான் அவள் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அவளுடைய மேலதிகாரியும் அரசின் சட்ட அதிகாரியும் கதவைச் சாத்திக்கொண்டு அவளை உட்காரவைத்தார்கள். மேலதிகாரியை எல்லோரும் ‘கமா சார்’ என்பார்கள். எந்தக் கடிதத்திலும் ஒரு கமாவாவது சேர்க்காமல் விடமாட்டார். சட்ட அதிகாரி, சொந்த இருக்கைத் திண்டைக் கையோடு கொண்டுவரும் அம்மையார்.

“பொத்தானை அமுக்கினப்ப நீ தூங்கிட்டா இருந்தே?” என்று ஆசையோடு கேட்டார் சட்ட அதிகாரி.

“இல்லீங்க மேடம். முழிச்சுத்தான் இருந்தேன்.”

“அடடா. தூங்கியிருந்தா மனிதப் பிழைன்னு எழுதிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம்.”

“மேடம், பழியைத் தூக்கி மிஷின் மேல போட்டுட்டா?” என்றார் கமா சார்.

“போடலாம். போட்டா அது இதுவரைக்கும் எழுதின கடிதம் எதுவும் செல்லாது. அதுல போர் நிறுத்த ஒப்பந்தமெல்லாம் இருக்கு. நிறுத்தின போரையெல்லாம் திரும்ப ஆரம்பிக்கணும். உங்ககிட்ட ஆள் இருக்கா?”

கமா சாரிடம் ஆள் இல்லை. இயந்திரத்தையே கேட்டுவிடலாம் என்று அதனிடம் கேட்டார்கள். ‘இரண்டு கருத்துகளிலும் நியாயம் உள்ளது. இந்தச் சிக்கலை ஒரு கவிதையாக மாற்றித் தரட்டுமா?’ என்றது இயந்திரம். வேண்டாம் என்று கமா சார் பாய்ந்து விசையைத் தட்டுவதற்குள் பாதிக் கவிதை வந்துவிட்டது. அதில் அவர் ஒரு கமா சேர்த்தார்.

“நிலைமை நல்லா இல்லம்மா,” என்றார் சட்ட அதிகாரி. “அந்த வார்த்தையை எழுதினவங்க யாரா இருந்தாலும் குடியுரிமை தர்றோம்னு அந்த நாடு அறிவிச்சிருக்கு. உனக்கு எதிரா இதைவிட மோசமான சாட்சி வேற வேணுமா? மந்திரி ரொம்பக் கோபமா இருக்காரு. அவ்வளவு ஆசையா இருந்தா அங்கயே போகட்டும்னுட்டாரு. நாளைக்கு விசாரணை. உன்னைக் காப்பாத்த வழி இல்லன்னா, சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுடுவாங்க.”

“வழி எதுவுமே இல்லையா மேடம்?” என்று கேட்டாள்.

“ஒண்ணு இருக்கு.” சட்ட அதிகாரி திண்டைச் சரிசெய்துகொண்டார். “ரெண்டு வார்த்தைக்கும் அர்த்தம் ஒண்ணுதான், நம்ம ஜனங்க மாத்தி மாத்திப் புழங்கறாங்கன்னு நிரூபிக்கணும். அதுக்கு ஒரு சாட்சி வேணும். தன் கூடவே ஒரே வீட்ல இருக்கறவங்ககிட்ட ‘எங்க வீடு’ன்னு பேசற ஆளு. அந்த ‘எங்க’ல கேக்கறவங்களும் அடக்கம்தான்னு அவர் வாயாலயே சொல்லணும். அது போதும். எங்கன்னாலும் நமதுன்னாலும் ஒண்ணுதான்னு வாதாடி முடிச்சிடுவேன்.”

கமா சார் சிரித்தார். “கூட இருக்கறவங்ககிட்டயே எங்க வீடா? அப்படிப் பேசற கிறுக்கன் எங்க மேடம் கிடைப்பான்?”

“கிடைப்பார் சார்,” என்றாள் அவள்.

“நாலு பேருக்குத் தெரிஞ்ச முகமா?” என்றார் சட்ட அதிகாரி.

“இடுப்புக்கு மேல எல்லாருக்கும் தெரியும் மேடம்.”

அந்தச் செய்தியை நெஞ்சில் சுமந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். வந்தவளைக் கணவர் விளக்கைப் பிடிக்கச் சொன்னார். தூக்கா, ஆயுளா என்று கேட்டார்.

இப்போது அவர் நாற்காலியில் அமர்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால், பழைய புத்தகக்கடையில் மொத்தமாக வாங்கிய தடித்தடிச் சட்டப் புத்தகங்கள். அதில் ஒன்று தலைகீழாக இருந்தது.

“என்னங்க, ஒரு விஷயம். இப்பவே சொல்லியாகணும்.”

“நிகழ்ச்சி முடியட்டும்மா.”

“இந்த மேகம் விஷயமாத்தான்.”

“உனக்கும் அதுல கருத்து இருக்கா?” என்று நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார். “அட்டை சாஞ்சிருக்கு பாரு.”

திரையில் தொகுப்பாளர் தோன்றி, எடுத்த எடுப்பிலேயே கத்தினார். கூடத்தில் அத்தை தொலைக்காட்சியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சத்தம் இல்லாமப் பாத்தாத்தான் அவன் என்ன சொல்றான்னு புரியுது,” என்பது அவள் கட்சி.

எதிர்த்தரப்பில் இளம் தொழில்நுட்ப ஆர்வலர் ஒருவர். “இது அல்காரிதத்தின் பிழை,” என்றார் அவர்.

“பிழையா?” கருத்து எகிறினார். அரைக்கால்சட்டை தெரிந்துவிடாத உயரத்துக்கு மட்டும் எகிறப் பழகியிருந்தார். “தம்பி, எங்கள் வேற, நமது வேற. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! இந்த ரெண்டையும் குழப்பற ஒரே ஒரு ஆளை, இந்த நாட்டுல ஒரே ஒரு வீட்ல காட்டுங்க பாக்கலாம். நான் இந்த மேஜையிலிருந்து எழுந்து போயிடறேன்!”

“ஒரு வீடுகூடக் கிடையாதா சார்?” என்று தொகுப்பாளர் ஏற்றிவிட்டார்.

“கிடையவே கிடையாது! எங்க வீட்லயே எடுத்துக்கோங்க…”

விளக்கைப் பிடித்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது. அட்டை கழன்று விழுந்தது. நாடு முழுவதும் அவருடைய வழுக்கை பளீரென்று ஒளிர்ந்தது. அவள் குனிந்து அட்டையை எடுக்கப் போனாள், கேமராவுக்குள் வந்துவிட்டாள்.

“சார், உங்க பக்கத்துல யாரோ இருக்காங்களே?” என்றார் தொகுப்பாளர்.

“அது… லைட்டைப் பாத்துக்கறவங்க,” என்றார் கருத்து.

திரையின் அடியில் உடனே ஓர் எழுத்துப் பட்டை ஓடியது. ‘வெளிச்ச நிபுணர்.’

அவள் அதைப் படித்தாள். எடுத்த அட்டையை மேஜையின் மேல் வைத்தாள். வெங்காயக் கூடையை நகர்த்துவதுபோல, கணவரின் நாற்காலியை இடுப்பால் கொஞ்சம் நகர்த்திவிட்டு, பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“வணக்கம்,” என்றாள் தொகுப்பாளரிடம். “நமதுன்னு எழுதினது நான்தான்.”

தொகுப்பாளரின் வாழ்க்கையில் அதுவரை அப்படி ஒரு மாலை வந்ததில்லை. அவர் கத்தவே மறந்துபோனார். எழுத்துப் பட்டை ‘தேசத் துரோகி’ என்று மாறியது, பிறகு யாருக்கோ சந்தேகம் வந்து ‘தேசத் துரோகி, வெளிச்ச நிபுணர்’ என்று மாறியது. இரண்டுக்கும் நடுவில் யார் கமா போட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றி, சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. கூடத்தில் அத்தை முதல் தடவையாகச் சத்தத்தைக் கூட்டினாள்.

“ஏய், என்ன சொல்றே நீ?” கருத்தின் உதடு அசையாமல் குரல் வந்தது.

அவள் சொன்னாள். வெங்காயத்திலிருந்து ஆரம்பித்தாள். சாம்பல் நிறச் சொல், பச்சைப் பொத்தான், மந்திரியின் கோபம், நாளைய விசாரணை, நாளைச் சாயங்காலம் வேலி. ஒரு சாட்சி வேண்டும் என்பதையும், அந்தச் சாட்சி என்ன சொல்ல வேண்டும் என்பதையும், கணவர் மற்றவர்களுக்குச் சட்டம் விளக்குவாரே, அதைவிடத் தெளிவாகச் சொன்னாள்.

“அப்படீன்னா,” தொகுப்பாளருக்குக் குரல் திரும்பிவிட்டது, “உங்க வீட்டுக்காரர் உங்ககிட்டயே ‘எங்க வீடு’ன்னு சொல்லுவாரா மேடம்?”

“இப்பக்கூட என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே சொன்னாரே, நீங்க கேக்கலையா?”

தொழில்நுட்ப ஆர்வலர் தலையை ஆட்டினார். அவர் கேட்டிருந்தார். நாடே கேட்டிருந்தது.

“சார், ரொம்பச் சுலபமான கேள்வி,” என்றார் தொகுப்பாளர், ருசித்து ருசித்து. “அந்த எங்கவுல உங்க மனைவி உண்டா, கிடையாதா? உண்டுன்னா ஒரு வாரமா நீங்க சொன்ன கருத்தெல்லாம் தப்பு. கிடையாதுன்னா மேடம் நாளைக்கு வேலிக்கு அந்தப் பக்கம். விளம்பர இடைவேளைக்கு முன்னாடி உங்க கருத்து?”

கருத்து வாயைத் திறந்தார். எப்போதும் அந்த வாயைத் திறந்தால் போதும், உள்ளே வரிசையில் நின்றுகொண்டிருக்கும் கருத்துகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வெளியே வரும். இன்றைக்கு எதுவும் வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. அவர் கேமராவைப் பார்த்தார். தலைகீழாக இருந்த சட்டப் புத்தகத்தைப் பார்த்தார். கூடத்திலிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்ற அம்மாவைப் பார்த்தார். “என்னை ஏண்டா பாக்கறே?” என்றாள் அம்மா. திரையின் அடியில், எல்லை மேகம் சற்றே அசைந்ததாகத் தகவல் என்று ஒரு செய்தி ஓடியது. அவசரத்துக்கு அதையும் எட்டிப் பார்த்தார்.

அவள் கை நீட்டி அவருடைய முகவாயைத் தொட்டு, தன் பக்கம் திருப்பினாள். அவள் விரலில் காலையில் நறுக்கிய வெங்காயத்தின் வாசனை இருந்தது.

“கேமராவைப் பாத்துச் சொல்ல வேண்டாங்க,” என்றாள். “கோர்ட்டுக்காகவும் வேண்டாம். என்னைப் பாத்து, ஒரே ஒரு தடவை, ‘நம்ம வீடு’ன்னு சொல்லுங்க.”